‘கேசட் மேடம்’ என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள்!

எங்கள் கல்லூரியில் எனக்கு எழுத்துபூர்வமாகக் கொடுத்திருக்கும் பதவி, உதவி நூலகர். மாணவிகள் வைத்த பெயர் ‘கேசட் மேடம்’. நடுவில் சில வருடங்கள் ‘சிடி மேடம்’ என்று பதவி உயர்வு கிடைத்தது. இன்று யார் வீட்டிலும் கேசட்டும் இல்லை, சிடியும் இல்லை. ஆனாலும் என் பெயர் மறுபடியும் ‘கேசட் மேடம்’ ஆகிவிட்டது. அது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நூலகத்தில் வேலை என்றால் புத்தகத்தில் முத்திரை குத்துவதும், ‘சத்தம் போடாதே’ என்று அதட்டுவதும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். என் பிரிவோ சத்தத்துக்காகவே இருக்கிற பிரிவு. நூலகத்தின் மாடியில் ‘ஒலி ஒளி மையம்’ என்று பலகை மாட்டிய நீளமான அறை. தென் மாவட்டத்தில், கடல் காற்று உப்போடு வந்து ஜன்னல் கம்பியைத் தின்னும் ஊர் எங்களுடையது. அந்தக் காற்றுக்கும் எனக்கும் இருபத்தைந்து வருடத்துக்கும் மேலான சண்டை.

கதவு போட்ட டி.வி.

1996-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த அறையில் இழுத்து மூடும் மரக்கதவு போட்ட ஒரு டி.வி., இரண்டு விசிஆர், ஒரு ஸ்லைடு ப்ரொஜெக்டர், ஒரு ஓவர்ஹெட் ப்ரொஜெக்டர், நான்கு டேப் ரெக்கார்டர், பன்னிரண்டு ஹெட்ஃபோன் இருந்தன. ஸ்டீல் பீரோக்கள் நிறைய கேசட்டுகள்.

யு.ஜி.சி. 1984 ஆகஸ்ட் 15 முதல் தூர்தர்ஷனில் ‘கன்ட்ரிவைடு கிளாஸ்ரூம்’ என்று கல்லூரி மாணவர்களுக்கான நிகழ்ச்சியை நடத்தி வந்தது. எனக்கு முன்னால் இருந்த நூலகர் அதைப் பொறுமையாக விசிஆரில் பதிவு செய்து, தாவரவியல், இயற்பியல், வரலாறு என்று பிரித்து அடுக்கி வைத்திருந்தார். வெளியூரிலிருந்து கேசட் வரவழைக்க வழியில்லாத கல்லூரிக்கு அது பெரிய சொத்து. தவளையை அறுக்காமலே அதன் இதயம் துடிப்பதைப் பார்க்க முடிந்தது என்றால் சும்மாவா!

புத்தகத்துக்கும் கேசட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த அறைதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. புத்தகத்தைப் படிக்கக் கண்ணும் வெளிச்சமும் போதும். கேசட்டைக் கேட்க மெஷின் வேண்டும், கரண்ட் வேண்டும், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். வெளிநாட்டு நண்பர் அன்பாக அனுப்பிய வீடியோ கேசட்டைப் போட்டால் படம் கறுப்பு வெள்ளையில் உருண்டு உருண்டு ஓடும். அது அமெரிக்க என்.டி.எஸ்.சி. முறை, நம்முடையது பால் முறை. புத்தகத்துக்கு இந்த வம்பெல்லாம் உண்டா?

எங்கள் அட்டெண்டர் அண்ணன் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். எழுத அல்ல, நாடா சிக்கிக்கொண்ட கேசட்டைச் சுற்றி இறுக்க. தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த வருடங்களில், விசிஆர் கேசட்டை விழுங்கிய நேரத்தில் கரண்ட் போய்விடும். அண்ணன் மூடியைக் கழற்றி, டார்ச் லைட்டை வாயில் கடித்துக்கொண்டு, பிரசவம் பார்ப்பதுபோல் கேசட்டை வெளியே எடுப்பார்.

“பக்கம் நம்பரையும் சொல்லிப் படிங்க!”

அந்த அறையை உண்மையில் நடத்தியவர்கள் என்று நான் சொல்வது பார்வையற்ற மாணவிகளை. பாடப்புத்தகங்களைத் தோழிகள் சத்தமாகப் படிக்க, நாங்கள் கேசட்டில் பதிவு செய்து கொடுப்போம். சி-90 கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். ஒரு பொருளாதாரப் புத்தகத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து கேசட் ஆகும்.

ஒரு மாணவி முதல் கேசட்டைக் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்: “மேடம், அக்கா நல்லாத்தான் படிக்கிறாங்க. ஆனா பக்கம் நம்பரையும் சொல்லிப் படிக்கச் சொல்லுங்க. கிளாஸ்ல ‘45-ம் பக்கம் எடுங்க’ன்னு சொன்னா நான் எங்கே போறது? அப்புறம் படம் வந்தா ‘படம்’னு சொல்லித் தாண்டிப் போயிடறாங்க. அதுல என்ன இருக்குன்னு சொல்லணும்ல?”

அன்றிலிருந்து அது எங்கள் விதியானது. பக்க எண், அட்டவணை, படம், அடிக்குறிப்பு எல்லாம் வாயால் சொல்லப்படும். அவளே ஒவ்வொரு கேசட்டிலும் பிரெய்ல் புள்ளி குத்திய அட்டைத் துண்டை ஒட்டினாள்.

இப்போது அவர்களுக்குத் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. போன்ற இலவச மென்பொருள்கள் வந்துவிட்டன. நல்ல விஷயம். ஆனால் பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் நோட்ஸைக் கொடுத்தால் அந்த மென்பொருள் ஏதோ உளறும். யூனிகோடில் இருந்தால்தான் ஒழுங்காக வாசிக்கும். போட்டோ எடுத்து அனுப்பிய பக்கம் என்றால், அதை எழுத்தாக மாற்றிக் கொடுக்கும்வரை மௌனம்தான். அதனால் மாணவியின் கையில் செல்போன் வந்த பிறகும் என் வேலை குறையவில்லை, உருவம்தான் மாறியது.

“எல்லாம்தான் யூடியூப்ல இருக்கே?”

2000-க்குப் பிறகு புத்தகத்தின் பின் அட்டைப் பையில் சிடி வர ஆரம்பித்தது. பிறகு டிவிடி. பிறகு இணையம். 2017-ல் மத்திய அரசின் ‘ஸ்வயம்’ வந்தது. நாங்கள் விசிஆரில் பிடித்து வைத்த பாடங்களைவிட நல்ல பாடங்கள் விரல் நுனிக்கு வந்தன. எங்கள் அறைக்கு வருபவர்கள் குறைந்தார்கள். 2016 ஜூலையில் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் விசிஆர் தயாரிப்பை நிறுத்தியது என்று செய்தி வந்தது. உலகத்திலேயே அதைத் தயாரித்துக்கொண்டிருந்த கடைசிக் கம்பெனி என்று அதைச் சொன்னார்கள். அண்ணனிடம் சொன்னேன். “அப்போ நம்ம ரெண்டையும் பத்திரமா வெச்சுக்கணும் மேடம்” என்றார்.

கொரோனா வந்து அறை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. திறந்தபோது பல கேசட்டுகளின் கண்ணாடி ஜன்னலுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. கடல் காற்று ஜெயித்திருந்தது.

அந்த நேரத்தில்தான் நிர்வாகத்தின் முடிவும் வந்தது. ஆன்லைன் வகுப்பு எடுக்க ஒரு ஸ்டூடியோ வேண்டும், இருக்கிற ஒரே இடம் ஒலி ஒளி மையம். “பழைய கேசட்டை எல்லாம் கழிச்சுடலாமே, எல்லாம்தான் யூடியூப்ல இருக்கே?” என்று பிரின்சிபால் மேடம் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஸ்டூடியோவும் தேவைதான். ஆனால் ‘எல்லாம்’ என்ற ஒரு வார்த்தைதான் எனக்கு உறுத்தியது.

“எல்லாம் இல்ல மேடம். எது இல்லைன்னு பார்த்துச் சொல்றேன், டைம் கொடுங்க” என்றேன். நான்கு மாதம் கொடுத்தார்.

மூன்று குவியல்

நூலகத் துறையில் எங்கள் எல்லோருக்கும் குரு, சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்று, 1931-ல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டவர். அதில் மூன்றாவது விதி, எந்தப் புத்தகத்துக்கும் எங்கோ ஒரு வாசகர் உண்டு என்பது. பரீட்சைக்குப் படித்தபோது அது வெறும் இரண்டு மார்க் கேள்வி. 1,140 கேசட்டுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது.

மூன்று குவியலாகப் பிரித்தேன். முதலாவது, வேறு எங்கும் கிடைப்பவை: சினிமா, ஆங்கில உச்சரிப்புப் பாடம், விற்பனைக்கு வந்த கச்சேரிகள். இரண்டாவது, இனி யாருக்கும் தேவைப்படாதவை: என்றோ காலாவதியான கம்ப்யூட்டர் மென்பொருளைக் கற்றுக் கொடுக்கும் கேசட்டுகள் போல. மூன்றாவது, இங்கே மட்டும் இருப்பவை.

அந்த மூன்றாவது குவியல் 230 வந்தது. அதில் 190 ஆடியோ கேசட். பெரும்பாலானவை தமிழ்த்துறை, வரலாற்றுத் துறை மாணவிகள் தங்கள் சொந்த ஊருக்குப் போய்ப் பதிவு செய்து வந்தவை. பாட்டிகளின் தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி. உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள் கூலி பற்றிப் பேசியது. புயலில் ஊரே இடம் மாறியதை ஒரு மீனவர் சொல்வது. தேர்வுக்காகச் செய்த வேலை. மார்க் போட்டதும் கேசட்டை எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பாடியவர்களில் பலர் இன்று இல்லை.

மீதியில் 34 வீடியோ கேசட். இன்னும் ஆறு, பாடப்புத்தக அளவுக்குப் பெரிதாக இருக்கும் யூ-மேட்டிக் கேசட்டுகள்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம்

பென் டிரைவிலிருந்து ஒரு சினிமாவை சில நிமிடத்தில் காப்பி செய்துவிடலாம். கேசட்டில் அது நடக்காது. ஒரு மணி நேரப் பேச்சை மாற்ற ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும், கூடவே உட்கார்ந்து கேட்க வேண்டும். 300 மணி நேரத்துக்கு மேல் வேலை. இருந்ததோ ஒரே கம்ப்யூட்டர். நாளைக்கு நான்கு மணி நேரம் என்றால் 75 வேலை நாள். டெக் மக்கர் பண்ணாமல், கரண்ட் போகாமல் இருந்தால் கணக்கு சரியாக வரும்.

பூஞ்சை பிடித்ததை அப்படியே மெஷினில் போட்டால் ஹெட் பாழாகும், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். அவற்றை முதலில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடிக் காயவைத்தோம். முகக்கவசம்தான் அப்போது எல்லோரிடமும் இருந்ததே! பிறகு மெல்லிய துணியால் துடைத்து, ஒரு தடவை முழுக்க ஓட்டிச் சுற்றி, அப்புறம்தான் பதிவு. ‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருளில், சுருக்காத கோப்பாக. ஒரு மணி நேரம் ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். மூன்று பிரதி, மூன்று இடத்தில்.

எதை முதலில் மாற்றுவது என்பதில்தான் பிரச்னை வந்தது. “பொன்விழா வீடியோவை முதல்ல முடிச்சிடுங்க, பெரிய பெரிய ஆளுங்க பேசியிருக்காங்க” என்றார் பிரின்சிபால் மேடம். “மேடம், அவங்க பேச்சு வேற பத்து இடத்துல இருக்கும். இந்தப் பாட்டிங்க பேச்சு இந்த நாடாவுல மட்டும்தான் இருக்கு” என்றேன். அவர் பதில் சொல்லாமல் போனார். கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவரே மாடிக்கு வந்தார். அப்போது ஒப்பாரி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பின்னணியில் காற்றின் இரைச்சல், காக்கை கத்தும் சத்தம். “ஏன் இவ்வளவு இரைச்சல்?” என்று கேட்டார். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடக் கூடாது என்பது நம் ஊர்ப் பெண்களின் நம்பிக்கை. கேட்டுப் பதிவு செய்யப் போனால் வீட்டைவிட்டு வெளியே, காட்டுப் பக்கமோ களத்துமேட்டுக்கோ கூட்டிப்போய்த்தான் பாடுவார்கள். அதுதான் அந்தக் காற்று. சொன்னேன். ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொண்டார். அந்தப் பக்கம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் லேபிலிருந்து இன்னொரு பழைய கம்ப்யூட்டர் என் அறைக்கு வந்தது. ஒன்றில் பாட்டிகள், இன்னொன்றில் பொன்விழா.

“டீ ஆறிப்போகுதுடி!”

வேலைக்கு உதவ வந்த மாணவிகள் இந்தக் காலத்துப் பிள்ளைகள். “மேடம், இந்த இரைச்சலை சாஃப்ட்வேர்ல எடுத்துடலாம். பாட்டுக்கு நடுவுல பேசறதையும் வெட்டிட்டா சூப்பரா இருக்கும்” என்றார்கள். வேண்டாம் என்றேன். கேட்க வசதியாக வேண்டுமானால் தனியாக ஒரு பிரதி செய்துகொள்ளலாம். மூலத்தில் எதையும் தொடக் கூடாது. காற்றை எடுத்துவிட்டால், அந்தப் பெண் எங்கே நின்று, ஏன் அங்கே நின்று பாடினாள் என்ற விவரமும் சேர்ந்து போய்விடும்.

“யூடியூப்ல போட்டா வியூஸ் அள்ளும் மேடம்” என்றாள் ஒருத்தி. அதற்கும் தடை போட்டேன். அந்தப் பாட்டி தன் பேத்தியின் பரீட்சைக்காகப் பாடினாள். ஊர் உலகத்துக்காக அல்ல. சட்டமே, கல்லூரிக்குள் மாணவிகள், ஆசிரியர்கள், பெற்றோருக்குப் படம் போட்டுக்காட்ட இடம் கொடுக்கிறது. வெளி ஆட்களைக் கூட்டி வைத்துப் போட்டால் கதை வேறு. சட்டத்தைத் தாண்டி மரியாதை என்று ஒன்றும் இருக்கிறதே. அதனால் பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டி, பழைய மாணவிகளைத் தேடிப் போன் போட ஆரம்பித்தோம். பலர் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். ‘தாலாட்டைப் போடுங்க, ஒப்பாரி வேண்டாம்’ என்றவர்களும் உண்டு. அவர்கள் சொன்னபடியே குறித்து வைத்தோம்.

அப்படிப் போன் போனதில் ஒரு பழைய மாணவி நேரிலேயே வந்தார். இப்போது பள்ளி ஆசிரியை, தலையில் நரை. 1999-ல் தன் அம்மாச்சியின் தாலாட்டைப் பதிவு செய்தவர். ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டார். பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டுக்கு முன்னால் ஒரு நிமிட இடைவெளி. டம்ளர் வைக்கும் சத்தம். அம்மாச்சி அதட்டுகிறார்: “அந்தப் பெட்டியை அமத்திட்டு மொதல்ல டீயைக் குடிடி, ஆறிப்போகுது.” ஒரு சின்னப் பெண் சிரிக்கிற சத்தம்.

அந்தச் சின்னப் பெண்தான் என் முன்னால் உட்கார்ந்திருந்தார். “அந்த இடத்தை மட்டும் திரும்பப் போடுங்க மேடம்” என்றார். நான்கு தடவை போட்டேன். தாலாட்டை அவர் திரும்பக் கேட்கவில்லை.

முடிந்ததும் முடியாததும்

நான்கு மாதத்தில் 201 கேசட்டுகளை மாற்றினோம். 23 கேசட்டுகளை எதுவும் செய்ய முடியவில்லை. நாடா ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது. யூ-மேட்டிக் ஆறும் அப்படியே இருக்கின்றன. நாடா நன்றாகவே இருக்கலாம். ஆனால் ஓட்டிப் பார்க்க எங்களிடம் மெஷின் இல்லை. பெயர் எழுதி, உறை போட்டு, தனிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-லேயே ஓர் எச்சரிக்கை விடுத்தது. காந்த நாடாவில் இருப்பவற்றை 2025-க்குள் டிஜிட்டலுக்கு மாற்றாவிட்டால் பெரும்பாலானவற்றை நிரந்தரமாக இழந்துவிடுவோம் என்று. நாடா கெடுவது பாதிக் காரணம்தான். மெஷினும், உதிரி பாகமும், அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் மறைவது மீதிக் காரணம். எங்கள் அட்டெண்டர் அண்ணனும் ஓய்வு பெற்றுவிட்டார். போகும்போது பென்சிலை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அறை இப்போது ஸ்டூடியோ. பளபளவென்று இருக்கிறது. மூலையில் ஒரு மேஜை, ஒரு டெக், ஒரு விசிஆர், ஒரு கம்ப்யூட்டர், நான்கு ஹெட்ஃபோன் எனக்கு. தமிழ்த்துறை மாணவிகள் வந்து பாட்டிகளைக் கேட்கிறார்கள். என் பெயர் மறுபடி ‘கேசட் மேடம்’ ஆனது இப்படித்தான்.

உங்கள் பரண் மேலும் இருக்குமே?

உங்கள் வீட்டிலும் கல்யாண வீடியோ கேசட், துபாயிலிருந்து அப்பா பேசி அனுப்பிய ஆடியோ கேசட் என்று ஏதாவது இருக்கும். இந்த வாரமே இறக்கிப் பாருங்கள். ஆடியோ கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் காதுகள் இருக்கும்; அவற்றை உடைத்துவிட்டால் தெரியாமல் மேலே பதிவாகாது. வீடியோ கேசட்டில் ஒரு காது. வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் மெஷினில் போடாதீர்கள். படுக்கவைக்காமல், புத்தகம் போல நிற்கவையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம். மாற்றிக் கொடுக்கும் கடை உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறதா என்று விசாரியுங்கள், இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். வாங்கி வந்ததை ஒரே பென் டிரைவில் வைத்து நிம்மதியாகத் தூங்கவும் வேண்டாம். இன்னொரு பிரதியை உடன்பிறந்தவர் வீட்டில் வையுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று உண்டு. இருபத்தைந்து வருடத்தில் நான் அதிக நேரம் செலவழித்தது, ஓடாத கேசட்டோடு அல்ல. பெயர் எழுதாத கேசட்டோடுதான். குரல் தெளிவாக இருக்கும், யாருடையது என்று தெரியாது. செல்போனிலும் இதே கதைதான். ஆயிரம் வீடியோ இருக்கிறது, எல்லாவற்றுக்கும் பெயர் வெறும் நம்பர். யார் பேசுகிறார்கள், எந்த ஊர், எந்த வருடம், பதிவு செய்தது யார். இந்த நாலு விவரத்தை, சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.